கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்தார்கள்

நடுவர் அவர்களே, எதிரணித் தோழர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் வடகொரியாவும் தென்கொரியாவும் சேர்ந்து களமிறக்கிய மகளிர் ஐஸ் ஹாக்கி அணி சமாதானத்துக்குச் செய்த தொண்டா, வீராங்கனைகளுக்கு இழைத்த அநீதியா? இதுதான் நமக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு. அநீதிதான் என்று வழக்காட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் பிப்ரவரி 26-ஆம் தேதிக் காட்சியை விவரித்து அவையைக் கலங்க வைத்தார். ஊர் திரும்பும் வடகொரியப் பெண்களைத் தென்கொரியப் பெண்கள் கட்டிப்பிடித்து அழுத காட்சி அது. அதைக் கேட்டபோது நானும் கலங்கினேன். அந்தக் காட்சிக்குத் திரும்பி வருவேன். அதற்கு முன் ஜனவரி மாதத்துக்குப் போக வேண்டும். அநீதி நடந்தது அந்த மாதத்தில்தான்.

தென்கொரியாவில் பெண்கள் ஐஸ் ஹாக்கி ஆடுவது என்றால் என்ன என்று முதலில் சொல்கிறேன். அப்போது அங்கே அவர்களுக்குத் தொழில்முறை லீக் இல்லை. பள்ளி அணியும் கல்லூரி அணியும் இல்லை. நாட்டுக்கே ஓர் அணிதான் இருந்தது, அது தேசிய அணி. ஹான் சூ ஜின் பல்கலைக்கழகத்தில் பியானோ படித்தவர். ரண்டி ஹீசு கிரிஃபின் அமெரிக்காவில் பிறந்தவர். அவருடைய தாயார் கொரியர். ஆராய்ச்சிப் படிப்பை நிறுத்திவைத்துவிட்டுத் தாயின் நாட்டுக்கு ஆட வந்தார். பயிற்சியாளர் சாரா முர்ரே கனடாக்காரர். 2014-ல் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 26. போட்டியை நடத்தும் நாடு என்பதால் தென்கொரியாவுக்கு இடம் கிடைத்தது. அந்த ஓர் இடத்துக்காக நான்கு ஆண்டுகள் பனித்தளத்திலேயே வாழ்ந்தார்கள். 2017 ஏப்ரலில் காங்நுங்கில் நடந்த உலகப் போட்டியின் இரண்டாம் பிரிவில் இதே வடகொரிய அணியை 3-0 என்று வென்றார்கள்.

2018 ஜனவரி நடுவில் அந்த அணி அமெரிக்காவில் பயிற்சி முடித்துத் தாயகம் திரும்பியது. ஜனவரி 17 அன்று இரு அரசுகளும் உட்கார்ந்து, கூட்டு அணி அமைப்பதென்று முடிவு செய்தன. 20-ஆம் தேதி லோசானில் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி ஒப்புதல் கொடுத்தது. முதல் ஆட்டம் பிப்ரவரி 10. நடுவர் அவர்களே, கணக்குப் பாருங்கள். நான்கு ஆண்டு உழைத்த அணியின் உருவம் மாறுகிறது, ஆட்டத்துக்கு இன்னும் 24 நாள்தான் இருக்கிறது. ஆடப் போகிற பெண்களிடம் அதற்கு முன் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

ஏன் இந்த அணியைத் தேர்ந்தெடுத்தார்கள்? தென்கொரியப் பிரதமரே அப்போது காரணம் சொன்னார். மகளிர் ஐஸ் ஹாக்கி பதக்கம் வாங்கும் நிலையில் இல்லை, உலகத் தரவரிசையில் தெற்கு 22-வது, வடக்கு 25-வது என்றார். எதிர்ப்பு கிளம்பிய பின் வருத்தம் தெரிவித்தார். ஆனால் அந்தச் சொல்லில் எல்லாம் வெளிப்பட்டுவிட்டது. பதக்கம் வாங்கும் அணி என்றால் தொட்டிருக்க மாட்டார்கள். தோற்கப் போகிறவர்கள்தானே என்று எடுத்துக்கொண்டார்கள். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்று நம் ஊரில் சொல்வோம். பிள்ளையார் மேல் எனக்குப் பக்தி உண்டு, சமாதானமும் வேண்டும். ஆனால் தேங்காய் யாருடையது என்று கேட்காமல் என்னால் நகர முடியவில்லை.

'யாரையும் நீக்கவில்லையே, 23 தென்கொரியர்களும் இருந்தார்களே, கூடுதலாகத்தானே 12 பேர் வந்தார்கள்' என்று எதிரணி கேட்டது. பட்டியலில் 35 பெயர் இருந்தது உண்மை. ஆனால் ஓர் ஆட்டத்துக்குச் சீருடை அணிந்து இறங்குகிறவர்கள் 22 பேர்தான். அதில் குறைந்தது மூவர் வடகொரியராக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. முன்பு 23 பேரில் ஒருவர் வெளியே உட்கார்ந்தால் போதும். இப்போது குறைந்தது நான்கு பேர் உட்கார வேண்டும். ஒலிம்பிக் ஆட்டம் என்பது அந்தப் பெண்களின் வாழ்நாளில் ஒரு முறை வருவது. அதைப் பார்வையாளர் வரிசையிலிருந்து பார்த்த பெண்ணிடம் போய், உன் பெயரும் பட்டியலில் இருக்கிறதே என்று சொல்ல எனக்கு வாய் வராது.

வடக்கிலிருந்து வந்த 12 பேருக்கும் இது அநீதிதான். மூவர் இறங்கினால் மற்ற ஒன்பது பேரும் காத்திருக்க வேண்டியதுதானே? ஜனவரி 25 அன்று வந்து சேர்ந்தார்கள், ஆட்டத்துக்கு 16 நாள். இந்த விளையாட்டில் மூன்று முன்னணி ஆட்டக்காரர்கள் சேர்ந்தது ஒரு லைன். ஏறக்குறைய முக்கால் நிமிடம் உயிரைக் கொடுத்து ஓடிவிட்டு, ஆட்டம் நிற்காமலேயே வெளியே தாவ, அடுத்த லைன் உள்ளே தாவும். பக் என்கிற ரப்பர் வட்டு வருமுன்னே தோழி எங்கே நிற்பாள் என்று உடம்புக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது மாதக்கணக்கில் ஊறி வருகிற பழக்கம். புது முகங்களை அதற்குள் நுழைப்பது இரு தரப்புக்கும் வதை.

அதற்கு மேல் மொழி. ஒரே கொரிய மொழிதானே என்று நினைப்போம். தெற்கில் ஆட்டச் சொற்கள் பெரும்பாலும் ஆங்கிலம். வடக்கில் ஆங்கிலத்தை விலக்கிவிட்டுத் தாய்மொழியில் சொல் ஆக்கியிருக்கிறார்கள். தெற்கில் 'பாஸ்' என்றால் வடக்கில் அதற்குச் சொல் 'யொல்லாக்', அதாவது 'தொடர்பு'. எதிரி அடிக்கும் பக்கை உடம்பை நீட்டித் தடுப்பதற்கு அவர்களிடம் 'நீட்டித் தடுப்பது' என்றே ஒரு சொல் இருக்கிறது. ஆகவே மூன்று பக்கத்துக்கு ஒரு சொற்பட்டியல் தயாரித்தார்கள்: ஆங்கிலம், தென்கொரிய வழக்கு, வடகொரிய வழக்கு. எழுபது ஆண்டுப் பிரிவினை ஒரு சொல்லுக்குள் எப்படிப் புகுந்து உட்கார்ந்திருக்கிறது பாருங்கள்! அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு இரவில் மனப்பாடம் செய்திருக்கக்கூடிய ஒரு பெண்ணை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது. எந்த அமைச்சர் அந்தத் தாளைப் படித்தார்?

எதிரணி இங்கே ஒன்றைச் சரியாகச் சொன்னது, அதை மறுக்க மாட்டேன். அந்தப் பெண்கள் பழகினார்கள். உடைமாற்றும் அறையில் முர்ரே இரு தரப்பாரையும் கலந்து உட்கார வைத்தார். ஜனவரிக் கடைசியில் ஒரு வடகொரியப் பெண்ணின் பிறந்தநாளுக்குத் தோழிகள் கேக் கொண்டுவந்து பாடினார்கள். ஆனால் அதே நேரத்தில் அரசுகள் என்ன செய்தன? ஒலிம்பிக் கிராமத்தில் இரு தரப்புக்கும் தனித்தனிக் கட்டடம். பஸ்ஸும் தனித்தனி. ஒரே சீருடை, நெஞ்சில் ஒரே நீலக் கொரியத் தீபகற்பப் படம், கீதமாக அரிராங் என்ற கொரிய நாட்டுப்பாடல். எல்லாம் ஒன்று, ஆட்டம் முடிந்தால் பஸ் மட்டும் வேறு. ஒற்றுமை பந்தயத் தளத்தின் விளக்கு வெளிச்சத்தோடு நின்றுவிட வேண்டும் என்பது அவர்கள் ஏற்பாடு.

ஆட்டங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுவிட்சர்லாந்திடம் 0-8. சுவீடனிடம் 0-8. ஐந்து ஆட்டமும் தோல்வி. வாங்கிய கோல் 28, போட்டது இரண்டு. வடகொரியர் சேர்ந்ததால்தான் தோற்றார்கள் என்று நான் சொல்லவில்லை. தனித்து ஆடியிருந்தாலும் தோற்றிருக்கலாம். ஆனால் தன் தோல்வியைத் தானே தோற்கும் உரிமை ஓர் அணிக்கு உண்டு.

அந்த இரண்டில் முதல் கோல் பிப்ரவரி 14 அன்று ஜப்பானுக்கு எதிராக வந்தது. பார்க் யூன் ஜங் பக்கைத் தள்ளிவிட, கிரிஃபின் அடித்தார். அடி சரியாகக்கூட விழவில்லை. பக் மெதுவாகத் தத்திக்கொண்டு போய், கோல்காப்பாளரின் கால்களுக்கு நடுவே புகுந்து கோட்டைத் தாண்டியது. அரங்கமே எழுந்து நின்று கூவியது. பார்க் யூன் ஜங் கைக்குழந்தையாக அமெரிக்காவுக்குத் தத்துப் போனவர். கிரிஃபின் படிப்பை விட்டு வந்தவர். அரசு கொடுத்த கோல் இல்லை அது. அந்தப் பக் இன்று டொராண்டோ ஹாக்கி அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது.

சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி உறுப்பினர் ஆஞ்சலா ருகியேரோ இந்த அணிக்கு நோபல் சமாதானப் பரிசு தர வேண்டும் என்றாரே என்று எதிரணி கேட்டது. தாராளமாகத் தரட்டும். அந்த 35 பேர் கழுத்தில் போடட்டும், நானும் கைதட்டுகிறேன். மாலையை அரசுகள் வாங்கிக்கொள்ளப் பார்க்கும்போதுதான் எழுந்து நிற்கிறேன். தொடக்க விழாவில் இரு நாட்டாரும் ஒரே கொடியின் கீழ் நடந்து வந்தார்கள். பார்க் ஜோங் ஆ, ஜோங் சு ஹியோன் என்று தெற்கும் வடக்குமாக இரண்டு ஹாக்கிப் பெண்கள் சேர்ந்து தீபத்தைப் படியேற்றினார்கள். உலகம் பார்த்தது, நெகிழ்ந்தது. அதற்காக எந்தப் பெண்ணும் தன் இடத்தை இழக்கவில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாமே!

1991-ஐயும் நினைவூட்டினார்கள். ஜப்பானின் சிபாவில் நடந்த உலகப் போட்டியில் இரு கொரியாக்களின் கூட்டு மகளிர் மேசைப்பந்து அணி சீனப் பெண்களையே வென்று தங்கம் வாங்கியது. பெருமைதான். ஆனால் அவர்களுக்கு ஒரு மாதத்துக்கும் மேல் சேர்ந்து பயிற்சி கிடைத்தது. தங்கம் வாங்கித் தந்த ஹியுன் ஜங் ஹுவாவும் லி புன் ஹுயியும் அதற்குப் பிறகு ஓரணியில் ஆடவே இல்லை. 2018-ல் சேர்த்தவர்களும் வெகுநாள் சேர்ந்து நிற்கவில்லை. 2020 ஜூனில் வடகொரிய எல்லை நகரமான கேசோங்கில் இருந்த இரு நாட்டுத் தொடர்பு அலுவலகத்தை வடக்கு வெடிவைத்துத் தகர்த்தது. டோக்கியோ ஒலிம்பிக்குக்கு வடக்கு வரவே இல்லை.

இனி அந்த பிப்ரவரி 26. எதிரணித் தலைவர் அந்தக் கண்ணீரைச் சமாதானத்தின் சாட்சி என்றார். ஐயா, ஏன் அழுதார்கள்? தென்கொரியப் பெண்கள் கைப்பட எழுதிய கடிதங்களையும் சேர்ந்து எடுத்த புகைப்படங்களையும் தோழிகளிடம் கொடுத்தார்கள். ஏன் கையில் கொடுத்தார்கள்? தபாலில் அனுப்ப முடியாது. தொலைபேசியில் கூப்பிட முடியாது. ஊர் போய்ச் சேர்ந்தாயா என்று ஒரு வரி கேட்க முடியாது. அந்த வழியைத் திறக்க அதிகாரம் இருந்தவர்கள் இரண்டு தலைநகரங்களில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் ஓர் அணியைச் சேர்த்துக் கொடுத்தார்கள், ஒரு முகவரியைக் கொடுக்கவில்லை. பஸ் கிளம்பியது. கொடுத்த கடிதங்களுக்குப் பதில் வர வழியில்லை.