கரைசலில் நைட்ரேட் வெறும் பார்வையாளரா?

அவையோருக்கு வணக்கம். உலோக நைட்ரேட் உப்பொன்றை நீரில் கரைத்ததும், உலோக அயனி நீர் மூலக்கூறுகள் புடைசூழத் தனித்து நிற்கிறது என்றும், நைட்ரேட் அயனி விலகிச் சென்று வெறும் பார்வையாளராகிவிடுகிறது என்றும் பாடத்தில் படிக்கிறோம். தாமிரம், நிக்கல், கோபால்ட் ஆகியவற்றின் நீர்த்த கரைசல்களுக்கு இது பெரும்பாலும் பொருந்தும். ஆயினும் எடுத்துக்கொண்ட கரைசலுக்கு அது பொருந்துகிறதா என்பதைச் சோதனைதான் சொல்ல வேண்டும். உலோக அயனியைச் சுற்றி வேறு மூலக்கூறுகளோ அயனிகளோ பிணைந்து உருவாகும் அணைவுச் சேர்மங்களை ஆராய வருவோரிடம் நான் முதலில் வலியுறுத்துவது இதைத்தான்.

தொடக்கம் தராசிலேயே இருக்கிறது. தாமிர நைட்ரேட்டும், இரும்பின் உப்பான ஃபெரிக் நைட்ரேட்டும் காற்றின் ஈரத்தை ஈர்த்துக் கசிபவை. புட்டியின் மீது எத்தனை நீர் மூலக்கூறுகள் என்று அச்சிட்டிருந்தாலும் உள்ளே அவ்வளவுதான் இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆகவே எடையை மட்டும் நம்பாமல், உலோக அயனியை இறுகப் பற்றும் ஈடிடிஏ என்ற வேதிப்பொருளைக் கொண்டு கரைசலைத் தரம்பார்த்து உலோகச் செறிவை அறிய வேண்டும். இதைத் தவிர்த்துவிட்டுக் கணக்கிடும் எந்த நிலைப்பு மாறிலியையும் (அணைவு எவ்வளவு உறுதியாக உருவாகிறது என்று காட்டும் எண்ணையும்) நான் ஏற்பதில்லை.

ஃபெரிக் நைட்ரேட் படிகம் வெளிர் ஊதா நிறமுடையது. அதையே நீரில் கரைத்தால் கரைசல் மஞ்சள் பழுப்பாகிறது. நைட்ரேட் இரும்போடு பிணைந்ததால் வந்த நிறமோ என்று ஐயம் எழுவது இயல்பு. அக்கரைசலில் நைட்ரிக் அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்துப் பாருங்கள்: மஞ்சள் மங்கி, கரைசல் ஏறக்குறைய நிறமற்றதாகிவிடும். நைட்ரேட் கூடியும் நிறம் குறைகிறது என்றால், நிறத்துக்குக் காரணம் நைட்ரேட் அன்று. இரும்பைச் சூழ்ந்த நீர் மூலக்கூறு ஒன்று புரோட்டானை இழந்து ஹைட்ராக்சைடாக மாறியதே காரணம். அமிலம் அதைத் தடுத்துவிடுகிறது. இரும்பு தயோசயனேட் அணைவின் செந்நிறத்தை 450 நானோமீட்டரை ஒட்டி அளக்கும்போது கரைசலை நல்ல அமிலத்தன்மையுடன் வைத்திருப்பதும் இதனால்தான்.

ஒளி உட்கவர்தல் அளவீட்டில் வேறொரு தடை உண்டு. நைட்ரேட் அயனியே 300 நானோமீட்டர் அருகில் மெலிதாகவும், 200 அருகில் மிக வலுவாகவும் ஒளியை உட்கவர்கிறது. அப்பகுதியில் அணைவின் பட்டைகள் இருந்தால் அவை மறைந்துபோகும். நைட்ரேட்டுக்குப் பதில் பெர்க்ளோரேட் உப்புக்கு மாறலாம், ஆனால் கரிமச் சேர்மங்களோடு அது வெடிக்கக்கூடியது என்பதால் அந்த மாற்றத்தைப் போகிற போக்கில் செய்துவிடக் கூடாது.

நைட்ரேட்டையே ஊடகமாக்கி ஆராய்ந்தவரும் உண்டு. யானிக் பியெரும் (Jannik Bjerrum) என்ற டென்மார்க் வேதியியலாளர் 1941-இல் வெளியிட்ட ஆய்வில், 2 மோலார் அம்மோனியம் நைட்ரேட் கரைசலில், அமிலத்தன்மையை அளக்கும் கண்ணாடி மின்முனையைக் கொண்டு, தாமிரத்தோடு அம்மோனியா ஒவ்வொன்றாகச் சேரும் படிகளைப் பிரித்துக் காட்டினார். முதல் நான்கு படிகளின் மாறிலிகளுடைய மடக்கை மதிப்புகள் 4.15, 3.50, 2.89, 2.13 எனப் படிப்படியாக இறங்குகின்றன. அவ்வளவு அடர்த்தியான பின்புல உப்பு இருந்ததால், அணைவு உருவாகும்போதும் அயனி வலிமை (கரைசலில் உள்ள அயனிகளின் செறிவையும் மின்னூட்டத்தையும் சேர்த்துக் கணக்கிடும் அளவு) ஏறக்குறைய மாறாமல் நின்றது. அந்த எண்கள் அந்த ஊடகத்துக்கு உரியவை. ஊடகத்தைக் குறிப்பிடாமல் அவற்றை எடுத்தாள்வது தவறு.

நைட்ரேட் உலோகத்தை நேரடியாகத் தொடுகிறதா என்ற கேள்விக்கு ராமன் நிறமாலையே (மூலக்கூறுகளின் அதிர்வுகளைச் சிதறிய ஒளியில் கோடுகளாகக் காட்டுவது) சிறந்த சான்று. தனித்த நைட்ரேட் தட்டையான, சமச்சீரான அயனி, 1050 செ.மீ⁻¹ அருகில் வலுவான கோடும், 720 அருகில் மெலிந்த கோடும் தருகிறது. உலோகத்தோடு பிணைந்ததும் சமச்சீர் குலைகிறது. லாந்தனம் முதலான அருமண் உலோகங்களின், அதாவது லாந்தனைடுகளின், அடர்ந்த நைட்ரேட் கரைசல்களில் 720-க்குப் பக்கத்தில், 740-ஐ ஒட்டி இன்னொரு கோடு முளைக்கிறது. செறிவைக் கூட்டக் கூட்ட அது வளர்கிறது. இரு கோடுகளின் பரப்பை ஒப்பிட்டு, பிணைந்த நைட்ரேட்டின் பங்கை மதிப்பிடலாம்.

அயனிகளுக்கு இடையே ஒரு நீர் மூலக்கூறு நின்றாலும் அவை இணையாகவே நகரக்கூடும். அத்தகைய இணைகள் ராமனில் பெரும்பாலும் தென்படுவதில்லை, கடத்துத்திறனோ குறைகிறது. வெப்பநிலை ஒரு பாகை மாறினாலே கடத்துத்திறன் ஏறத்தாழ 2 விழுக்காடு மாறும் என்பதால், வெப்பநிலையை நிலையாக வைத்தே அதை அளக்க வேண்டும். அப்படி அளந்தும் கடத்துத்திறன் எதிர்பார்த்ததைவிடக் குறைந்து, அதே கரைசலின் ராமன் நிறமாலையில் புதிய கோடு எதுவும் இல்லையென்றால், அங்கே நைட்ரேட் உலோகத்தைத் தொடாமல் அதன் நீர்ப்போர்வைக்கு வெளியே நிற்கிறது என்று கொள்ள நல்ல ஆதாரம் இருக்கிறது.