அகழித் தண்ணீரின் வெளிச்சம்

நேயர்களுக்கு வணக்கம். நாற்பது ஆண்டுகள் கட்டடப் பொறியாளனாக வேலை பார்த்தவன் நான். லாரியில் வந்திறங்கும் செங்கல்லைத் தட்டிப் பார்த்து, கோணலாக வெந்ததை ஒதுக்கிவைக்கச் சொல்வது என் அன்றாட வேலை. அப்படி ஒதுக்கவேண்டிய செங்கல்லை வேண்டுமென்றே வாங்கிக் கட்டிய ஒரு கட்டடத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தின் எதிர்க்கரையில், சார்லஸ் ஆற்றைத் தாண்டினால் கேம்பிரிட்ஜ். எம்.ஐ.டி. என்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கும் ஊர். மகளைப் பார்க்கப் போயிருந்தேன். "உங்களுக்கு ஒன்று காட்டுகிறேன், வாருங்கள் அப்பா" என்று வளாகத்துக்குள் அழைத்துப்போனாள். முதலில் கண்ணில் படுவது கிரெஸ்கி அரங்கம். கோளத்தில் எட்டில் ஒரு பங்கை வெட்டியெடுத்து மூன்று முனைகளில் நிறுத்திவைத்ததுபோல ஒரு கான்கிரீட் கூரை. நான் அங்கேயே நின்றுவிட்டேன். "அது இல்லை, இது" என்று மகள் கையைப் பிடித்து இழுத்தாள்.

இது என்றால், செங்கல்லில் கட்டிய பெரிய நெற்குதிர். 50 அடி விட்டம், 33 அடி உயரம், ஜன்னல் ஒன்றுகூடக் கிடையாது. சுற்றிலும் ஆழமில்லாத ஓர் அகழி. உச்சியில் சிற்பி தியோடர் ரோசாக் செய்த அலுமினிய மணிக்கூண்டு மட்டும் இல்லையென்றால் தண்ணீர்த் தொட்டி என்றே நினைத்திருப்பேன். எந்த மதத்தவரும் வந்து வழிபடுவதற்கான சேப்பல் இது. பின்லாந்தில் பிறந்த ஈரோ சாரினன் வடிவமைத்து 1955இல் திறக்கப்பட்டது. அரங்கமும் அவருடையதுதான்.

வாசலில் எனக்கு ஒரு சங்கடம். "ஷூவைக் கழற்றவா?" என்று கேட்டேன். "யாரும் கழற்றுவதில்லை. கழற்றினாலும் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்" என்றாள் மகள். கழற்றிவிட்டேன்.

உள்ளே முதலில் இருட்டுதான். கண் பழகப் பழக, எதிரே வெள்ளைச் சலவைக்கல் மேடை ஒன்று தெரிகிறது. அதற்கு நேர் மேலே கூரையில் வட்டமாக ஒரு திறப்பு. வெளிச்சம் அதன் வழியே இறங்குகிறது. அங்கிருந்து மேடை வரை சிற்பி ஹாரி பெர்டோயா செய்த உலோகத் திரை தொங்குகிறது. மெல்லிய கம்பிகளில் சின்னச் சின்னத் தகடுகள். கோடை மழையின் துளிகளை வெயிலோடு பாதி வழியில் நிறுத்திவைத்ததுபோல. மேடையில் சிலையில்லை, சிலுவையில்லை, எழுத்தும் இல்லை.

சர்வமதம் என்றால் எல்லாச் சின்னங்களையும் ஒரே பலகையில் வரிசையாக வரைந்துவைப்பது நமக்குப் பழக்கம். எனக்கு அது எப்போதும் அரசு விழாப் பதாகைபோலத்தான் தோன்றும். எந்தச் சின்னம் பெரிது, எது நடுவில் என்று அடுத்த வினாடியே கணக்குப் பார்ப்போம். சாரினன் அந்த வம்புக்கே போகவில்லை. ஆனால் வெறும் அறையாகவும் விட்டுவிடவில்லை.

உட்சுவர் நேராக இல்லை. அலைபோல நெளிந்து போகிறது. கிட்டே போய்த் தடவிப் பார்த்தேன். ஒரு கல் உள்ளே போயிருக்கிறது, அடுத்தது துருத்திக்கொண்டிருக்கிறது, இன்னொன்று நன்றாகவே முறுக்கிக்கொண்டிருக்கிறது. என் கண்காணிப்பில் கட்டியிருந்தால் அன்றைக்கே இடித்துக் கட்டச் சொல்லியிருப்பேன். அந்த மேடுபள்ளத்தின் மேல்தான் இரண்டாவது வெளிச்சம் விழுகிறது. அகழித் தண்ணீரில் பட்ட வெயில், சுவரின் அடியிலுள்ள வளைவுகள் வழியே உள்ளே வந்து, கீழிருந்து மேலே ஏறுகிறது. வழவழப்பான சுவராக இருந்தால் வழுக்கிப் போயிருக்கும். இங்கே ஒவ்வொரு கல்லிலும் தங்கித் தங்கி நடுங்குகிறது. மாணவராக ஊர் சுற்றிய காலத்தில், கிரேக்கத்தின் ஸ்பார்ட்டாப் பக்கம் ஒரு மலைக்கிராமத்தில் நிலா வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்த இரவை சாரினன் நினைவுகூர்ந்திருக்கிறார். தலைக்கு மேலே ஓர் ஒளி, அடிவானத்தை ஒட்டி இன்னோர் ஒளி.

சுமார் 130 பேர் உட்காரலாம். அன்று நாங்கள் இருவர். பிறகு முதுகுப்பையோடு ஒரு மாணவர் வந்தார். கடைசி வரிசையில் கண்ணை மூடி உட்கார்ந்தார். தொழுதாரா, தியானமா, தேர்வுக்கு முந்தைய தூக்கமா, தெரியாது. கால்மணி நேரத்தில் எழுந்து போய்விட்டார்.

வெளியே வந்ததும் பொறியாளன் புத்தி விடவில்லை. மகளை மறுபடி உள்ளே அனுப்பிவிட்டு, ஒரு குச்சியால் அகழித் தண்ணீரை மெல்லக் கலக்கினேன். போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும். சற்று நேரத்தில் மகள் வந்தாள். "அசைந்தது அப்பா. இடது பக்கம், நாலைந்து கல் அகலத்துக்கு" என்றாள்.

நன்றி, வணக்கம்.