பத்து விநாடியில் பிடிபடாத படபடப்பு

நேயர்களுக்கு வணக்கம்.

முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் பெண்கள் என்னிடம் அடிக்கடி சொல்வது இது: "நெஞ்சு திக்கு திக்குன்னு அடிக்கு டாக்டரம்மா. கொஞ்ச நேரத்துல தானா நின்னுருது." அங்கிருந்து பஸ் ஏறி திருநெல்வேலி ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கு வந்து, சீட்டு வாங்கி, வரிசையில் நின்று ஈசிஜி எடுப்பதற்குள் படபடப்பு அடங்கியிருக்கும். ஈசிஜி நார்மல். அப்புறம் வீட்டில், "எல்லாம் உன் பயம்தான்" என்று பேச்சை முடித்துவிடுவார்கள்.

இதில் எனக்கு நிறைய வருத்தம் உண்டு. வழக்கமான ஈசிஜி பதிவு செய்வது 10 விநாடி. அதற்குள் இதயம் சுமார் 12 முறை துடிக்கும். ஒரு நாளைக்கோ ஏறத்தாழ ஒரு லட்சம் முறை. அந்தப் பன்னிரண்டை வைத்து மற்றதெல்லாம் ஒழுங்கு என்று எப்படிச் சொல்வது?

அதற்குத்தான் ஹோல்டர் கருவி. அமெரிக்க விஞ்ஞானி நார்மன் ஹோல்டர் 1940களின் கடைசியில் உருவாக்கிய முதல் கருவி சுமார் 38 கிலோ. முதுகில் சுமந்து நடக்க வேண்டும். இன்று அது உள்ளங்கைக்குள் அடங்கும். நெஞ்சில் வயர்களை ஒட்டி, 24 அல்லது 48 மணி நேரம் விடாமல் பதிவு செய்கிறோம்.

கருவி மாட்டிய அன்று பலர் வேலைக்குப் போகாமல் படுத்தே இருந்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பீடி சுற்றுங்கள், குடம் தூக்குங்கள், வயலுக்குப் போங்கள். எந்த வேலையில் படபடப்பு வருமோ அந்த வேலை நடக்கட்டும். ஆற்றுக் குளியலை மட்டும் தள்ளி வையுங்கள், வயர் நனையக் கூடாது. படபடப்போ தலைசுற்றலோ வந்தால் உடனே மணியைக் குறியுங்கள். எழுத வராத ஆச்சிக்குப் பேத்தி எழுதட்டும். அந்த மணிக்குரிய பதிவைத்தான் நாங்கள் முதலில் தேடுவோம். அப்போது துடிப்பு சீராக இருந்தது என்று தெரிந்தால் அதுவும் பெரிய நிம்மதி.

மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறதென்றால் ஒரு நாள் பதிவில் சிக்காது. இரண்டு வாரம் ஒட்டியிருக்கும் பட்டையும், தோலுக்கடியில் வைக்கும் சிறு கருவியும் இருக்கின்றன.

நாங்கள் முக்கியமாகத் தேடுவது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் மேல் அறைகள் சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்கும். ரத்தம் தேங்கி, உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அந்த ஆபத்து மற்றவர்களைவிட சுமார் ஐந்து மடங்கு. சிறுவயதில் மூட்டுவலியோடு வந்த ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கியவர்களுக்கு இது இளவயதிலேயே வரலாம். சிலருக்குப் படபடப்பே தெரியாது. கண்டுபிடித்துவிட்டால் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்டு. அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

சென்னையிலிருந்தோ துபாயிலிருந்தோ பிள்ளைகள் வாங்கி அனுப்பும் ஸ்மார்ட் வாட்சும் துடிப்பு ஒழுங்கில்லை என்று காட்டலாம். காட்டினால் டாக்டரிடம் வந்து ஈசிஜியில் உறுதி செய்யுங்கள். ஆனால் மாரடைப்பை அது கண்டுபிடிக்காது. நெஞ்சு இறுக்கிப் பிடித்து வியர்த்துக் கொட்டும்போது, வாட்ச் ஒன்றும் சொல்லவில்லையே என்று காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். வாய் கோணினாலும், ஒரு கை திடீரென்று தளர்ந்தாலும் அதேதான், அது பக்கவாதமாக இருக்கலாம். பக்கவாதத்தில் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.