எத்தனை அங்குலத் திரை?

வணக்கம் நேயர்களே.

திருகோணமலையிலிருந்து கொழும்புக்குப் போகும் இரவு ரயிலில் வாசிக்கவென்று, சில வருடங்களுக்கு முன் 6 அங்குல மின்வாசிப்பான் ஒன்று, அதாவது மின்னூல் வாசிக்கும் கருவி, வாங்கினேன். பாரம் 160 கிராம்தான் இருக்கும். ஒரு கையில் பிடித்துக்கொண்டே நாவல்கள் வாசித்தேன், சுகமாகத்தான் இருந்தது. ஒரு நாள் பழைய சஞ்சிகை ஒன்றின் பிடிஎஃப் கோப்பைத் திறந்தேன். பக்கம் முழுதாகத் தெரிந்தது, எழுத்துத்தான் பிடிபடவில்லை. பெருப்பித்தால் பாதி வரி திரைக்கு வெளியே போனது. வலமும் இடமுமாகத் தள்ளித் தள்ளி, கந்தளாய் வருமுன்னே மூடி வைத்துவிட்டேன்.

காரணம் இதுதான். ஈபப் (EPUB) என்ற மின்னூல் வகைக் கோப்பில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் திரைக்கு ஏற்றபடி மடிந்துகொள்ளும். ஸ்கேன் செய்த பிடிஎஃப் அப்படியல்ல. அது பக்கத்தின் படம். நம்மவர் வாசிப்பில் இந்தப் படப் பக்கங்களுக்குப் பெரிய இடம் உண்டு. 2005 முதல் நூலகம் திட்டம் என்ற இணைய நூலகம் சேர்த்து வைத்திருக்கும் ஈழத்து நூல்களிலும் இதழ்களிலும் பெரும்பகுதி இப்படித்தான் கிடைக்கிறது. அந்தச் செல்வத்தை வாசிக்கத்தானே இந்தக் கருவி!

கடைக்காரர் 6 அங்குலம் என்று சொல்வது மூலைக்கு மூலை அளவு. உண்மையில் திரை 9 சென்ரிமீற்றர் அகலம், 12 சென்ரிமீற்றர் உயரம். ஒரு மட்டையை அந்த அளவுக்கு வெட்டி, வீட்டிலுள்ள வழக்கமான கதைப் புத்தகத்தின் ஒரு பக்கத்தின் மேல் வைத்துப் பாருங்கள். பக்கத்தில் பாதியைக்கூட மூடாது. 10.3 அங்குலத் திரைக்கு 16க்கு 21 என்று வெட்டுங்கள், ஏறக்குறைய முழுப் பக்கமும் மூடும். பெட்டியில் 300 பிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு) என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது எழுத்தைத் துலக்கமாக்கும், பெரிதாக்காது.

இன்னொன்று, நமது சொற்களின் நீளம். 'திருகோணமலையிலிருந்து' என்பது ஒரே சொல். கண்புரை சத்திரசிகிச்சைக்குப் பிறகு என் அம்மாவுக்கு எழுத்தை நன்றாகப் பெருப்பித்துக் கொடுத்தேன். 6 அங்குலத்தில் வரிக்கு இரண்டு சொல், மிஞ்சினால் மூன்று. நாலு வசனம் வாசிப்பதற்குள் பக்கம் தட்ட வேண்டும். இப்போது 7.8 அங்குலத்தில் ஆறுதலாக வாசிக்கிறார்.

அப்படியென்றால் எல்லோரும் 10 அங்குலம் வாங்கலாமா? அது 400 கிராம் அளவில் வரும். படுத்துக்கொண்டு வாசித்தால் கை உளையும், விலையும் கூட. பாடக்குறிப்பு, ஆய்வு, பழைய இதழ் என்று மேசையில் வைத்து வாசிப்பவர்களுக்கு அதுதான் சரி. ஈபப் நாவல் மட்டும் வாசிக்கும் இளம் கண்களுக்கு 6 போதும். மற்றவர்களுக்கு 7க்கும் 8க்கும் இடையில் ஒன்றைத்தான் நான் சொல்வேன். இந்தக் கருவிகளில் உள்ள, கடதாசி போலத் தெரியும் மின்மைத் திரை (e-ink) எந்த அளவில் இருந்தாலும் உப்புவெளிக் கடற்கரையின் மத்தியான வெயிலில் தெளிவாகத் தெரியும், அதில் கவலை வேண்டாம்.

வாங்கப் போகுமுன், கடந்த மூன்று மாதத்தில் நீங்கள் வாசித்த கோப்புகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். எத்தனை ஈபப், எத்தனை பிடிஎஃப்? அதற்குப் பிறகு மட்டையை வெட்டுங்கள். நன்றி, வணக்கம்.