பல்லில் சொத்தை இல்லை, வேரில் கட்டியா?

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓர் அக்கா கேட்கிறார்: "மகனுக்கு 17 வயது, இந்த வருஷம் பள்ளி இறுதிப் பரீட்சை எஸ்பிஎம். கீழ்த்தாடை வீங்கி வலிக்கிறது. எக்ஸ்ரே பார்த்துவிட்டு, கடைவாய்ப்பல் வேரில் சிமென்டோபிளாஸ்டோமா மாதிரி இருக்கிறது என்கிறார்கள். பல்லில் சொத்தையே இல்லையே, இது புற்றுநோயா?"

இல்லை அக்கா. அவர்கள் சொன்னது சரியென்றால் இது சாதுவான கட்டி, வேறு உறுப்புகளுக்குப் பரவாது. ஆனால் சாது என்றதும் சும்மா விட்டுவிடக் கூடாது. விட்டால் வளர்ந்துகொண்டே போய் எலும்பைப் புடைக்க வைக்கும். பற்சார்ந்த கட்டிகளிலேயே இது அபூர்வம், நூற்றுக்கு ஒன்றுகூட வராது. வந்தால் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப்பல்லில்தான். பாதிப் பேர் 20 வயதைத் தாண்டாதவர்கள். உங்கள் மகன் இந்தக் கணக்கில் அப்படியே பொருந்துகிறான்.

சொத்தை இல்லையே என்று நீங்கள் கேட்டதுதான் எனக்குப் பிடித்தது. வேரின் மேல் சிமென்டம் என்ற மெல்லிய கடினப் படலம் இருக்கிறது. அதை உண்டாக்கும் செல்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகுவதுதான் இந்தக் கட்டி. பூச்சிப்பல்லுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பல் மருத்துவர் பஞ்சில் குளிர் ஸ்பிரே அடித்து அந்தப் பல்லில் வைத்துப் பார்த்தால், பையன் "ஸ்ஸ்" என்று முகம் சுளிப்பான். நரம்பு பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும். எக்ஸ்ரேயில் வேர் நுனியோடு ஒட்டிய வெள்ளை உருண்டை, அதைச் சுற்றி மெல்லிய கறுப்பு வளையம். அந்த வளையத்தைத் தேடுங்கள்.

இப்போது நான் வழக்கமாகப் பாடும் பாட்டுக்கு வருகிறேன். ஞானப்பல் வீடியோவிலும் சொன்னேனே: படம் பார்க்காமல் பல்லைப் பிடுங்காதீர்கள்! செம்பனை ஆலையில் வேலை செய்த ஒரு தம்பி இதே கட்டியோடு என்னிடம் வந்தார். எங்கோ படம் எடுக்காமலே பல்லை இழுத்திருக்கிறார்கள். மேல்பாதி உடைந்து கையோடு வந்துவிட்டது, வேர் அசையவே இல்லை. எப்படி அசையும்? மங்கில் உறைந்த கட்டிப்பாலுக்குள் குச்சி மாட்டினால் குச்சி மட்டும் வருமா? வேரும் கட்டியும் ஒன்றாகிவிட்டன.

சரி, புற்றுநோயா என்பதைவிட, கட்டியை மிச்சமில்லாமல் எடுப்பார்களா என்று கேளுங்கள், அக்கா. பெரும்பாலும் பல்லையும் கட்டியையும் சேர்த்தே எடுப்பார்கள், சுற்றியுள்ள எலும்பைச் சற்று வெட்ட வேண்டிவரும். மிச்சம் இருந்தால் திரும்ப வளரும். கட்டி சிறிதாக இருந்து, வேர் சிகிச்சை செய்து, வேர் நுனியோடு கட்டியை மட்டும் வெட்டிப் பல்லைக் காப்பாற்றியதும் உண்டு. ஆனால் அது எல்லாருக்கும் ஒத்துவராது. எடுத்ததைக் குப்பையில் போடாமல் நோய்க்கூறு ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். எலும்பிலேயே வரும் ஆஸ்டியோபிளாஸ்டோமா என்ற இன்னொரு கட்டி நுண்ணோக்கியில் இதைப் போலவே தெரியும், அதனால் எக்ஸ்ரேயும் கூடவே போக வேண்டும்.

பரீட்சையைப் பற்றிக் கேட்டால், தேதியை அறுவை நிபுணரிடம் பேசி முடிவு செய்யுங்கள். வலி கூடினாலோ வீக்கம் வேகமாகப் பெருகினாலோ காத்திருக்க வேண்டாம். அப்புறம், எடுத்த பிறகு மறுபடி எக்ஸ்ரேக்கு வரச் சொல்வார்கள். வலி இல்லையே என்று போகாமல் இருந்துவிடாதீர்கள்.