அசைலம் மறுத்த பிறகு கோர்ட் எதைப் பார்க்கும்?

வணக்கம். "கேஸை நிராகரிச்சிட்டாங்க, பரவாயில்லை, பெரிய கோர்ட்டில் ஜட்ஜ் முன்னாடி நின்னு எல்லாத்தையும் சொல்லிடலாம்." அமெரிக்காவில் அசைலம், அதாவது புகலிடம், கேட்டவர்களில் பலர் நம்பிக்கொண்டிருப்பது இதைத்தான். அங்கே உங்களை யாரும் கூப்பிட்டுக் கேட்கப்போவதில்லை. அந்த கோர்ட் படிப்பது ஃபைலை மட்டும்தான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். கேஸை விசாரிக்கும் இமிகிரேஷன் ஜட்ஜ், கறுப்பு அங்கி போட்டிருந்தாலும், ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட்டின் தலைவரான அட்டர்னி ஜெனரலுக்குக் கீழே வேலை பார்க்கும் அரசு ஊழியர். அவர் மறுத்தால் அடுத்து போகும் மேல்முறையீட்டு வாரியம் வர்ஜீனியாவில் ஃபால்ஸ் சர்ச் என்ற ஊரில் இருக்கிறது, அதுவும் அதே துறைதான். அதற்கும் மேலே இருக்கும் சர்க்யூட் கோர்ட்டுக்கு, அதாவது ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு, போகும்போதுதான் நிர்வாகத்துக்கு வெளியே இருக்கிற ஒருவர் முதன்முதலாக உங்கள் கேஸைத் தொடுகிறார்.

அங்கே மனு போட 30 நாள். வாரியத்தின் உத்தரவில் இருக்கும் தேதியிலிருந்து எண்ண வேண்டும், கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து இல்லை. அப்புறம், மனு போட்டதுமே நாடுகடத்தல் தானாக நின்றுவிடாது. தடை உத்தரவைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

(திரையில்: விசாரணைப் பதிவின் மாதிரிப் பக்கம்)

இது நான் தயாரித்த மாதிரிதான், ஆனால் நிஜ ஃபைலும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். கேள்வி: "அடித்தது யார்?" பதில்: "வேனில் வந்தவர்கள், (சரியாகக் கேட்கவில்லை), தெரியாது." அந்த அடைப்புக்குறிக்குள் நீங்கள் என்ன சொல்லியிருந்தாலும், மொழிபெயர்ப்பாளர் விட்டிருந்தாலோ மைக் பிடிக்காமல் போயிருந்தாலோ, மேலே உட்கார்ந்து படிக்கும் மூன்று நீதிபதிகளுக்கு அது நடக்காத விஷயம்தான்.

"நாங்களாக இருந்தால் வேறு மாதிரி முடிவு செய்திருப்போம்" என்று தோன்றினால் மட்டும் அவர்களால் தீர்ப்பை மாற்ற முடியாது. ஆதாரத்தைப் பார்க்கிற எந்த நியாயமான ஆளும் எதிர்முடிவுக்கு வந்தே தீர வேண்டும், அந்த அளவுக்கு ஃபைல் அழுத்தமாக இருக்க வேண்டும். 1992இல் உச்ச நீதிமன்றம் முடித்த ஒரு குவாத்தமாலா கேஸில், 1987 ஜனவரியில் முகத்தில் கைக்குட்டை கட்டிய இரண்டு கெரில்லாக்கள் துப்பாக்கியோடு ஒருவரின் வீட்டுக்கு வந்து எங்களோடு சேர் என்கிறார்கள், அவர் மறுக்கிறார், திரும்ப வருவோம் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவர் பயந்ததில் பொய் இல்லை. ஆனால் அவருடைய அரசியல் கருத்துக்காகத்தான் துரத்துவார்கள் என்று ஃபைல் அடித்துச் சொல்லவில்லை. தோற்றுவிட்டார். எனக்கு இது கொஞ்சம் கொடூரமாகத்தான் படுகிறது, துப்பாக்கி வைத்திருப்பவனிடம் காரணம் கேட்டா எழுதி வாங்க முடியும்?

அதனால் "ஏன்" என்ற கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இனம், மதம், நாட்டுரிமை, அரசியல் கருத்து, குறிப்பிட்ட சமூகக் குழு, இந்த ஐந்தில் ஒன்று காரணமாக இருக்க வேண்டும். சித்திரவதை எதிர்ப்பு ஒப்பந்தத்தின் கீழ் பாதுகாப்பு கேட்டால் மட்டும் இந்தக் காரணம் தேவையில்லை. ஆனால் அங்கே அரசே செய்யும், இல்லை தெரிந்தும் கண்டுகொள்ளாமல் விடும் என்று காட்டியாக வேண்டும், அது சும்மா இல்லை.

நம் ஆள் ஒருவரின் கேஸையும் சொல்லிவிடுகிறேன். 2017 பிப்ரவரியில் ஓர் இலங்கைத் தமிழர் மெக்சிகோ எல்லையைத் தாண்டி 25 கெஜம் போவதற்குள் பிடிபட்டார். சிலர் கடத்திப்போய் அடித்ததாகச் சொன்னார். அதிகாரி நம்பினார். ஆனால் யார், ஏன் என்று கேட்டதற்குத் தெரியாது என்றார், மறுத்துவிட்டார்கள். வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்றால் யார், ஏன் என்று இலங்கைத் தமிழருக்கு விளக்கம் தேவையில்லை, எல்லையில் உட்கார்ந்து கேள்வி கேட்கும் அதிகாரிக்குத் தேவை. எல்லையிலேயே விரைவு நாடுகடத்தலில், அதாவது முழு விசாரணை இல்லாமலே திருப்பி அனுப்பும் முறையில், சிக்கியவருக்கு நான் முன்னே சொன்ன சர்க்யூட் கோர்ட் வழியும் கிடையாது. ஆட்கொணர்வு மனு போட்டுப் பார்த்தார். 2020 ஜூனில் உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்று அந்தக் கதவையும் மூடியது.

சரி, கோர்ட் எப்போதுதான் தலையிடும்? வாரியம் சட்டத்தையே தப்பாகப் படித்திருந்தால், முக்கியமான ஆதாரத்தைத் தொடாமலே தாண்டிப் போயிருந்தால். நல்ல வக்கீல்கள் அங்கேதான் தோண்டுவார்கள். ஜெயித்தாலும் பெரும்பாலும் கையில் அசைலம் கிடைக்காது, "மறுபடி ஒழுங்காகப் பார்" என்று ஃபைலை ஃபால்ஸ் சர்ச்சுக்கே திருப்பி அனுப்புவார்கள்.