பைகேமில் படம் வரைவது ஏன் திணறுகிறது?

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு நேராகத் திரைக்கே போய்விடலாம். பைதான் மொழியில் விளையாட்டு எழுத உதவும் பைகேமில் நான் எழுதிக்கொண்டிருக்கும் சின்ன விளையாட்டு இது. பின்னணியில் ஒரு வானப் படம், முன்னால் சுழன்றுகொண்டே வரும் விண்கற்கள். வேறு ஒன்றும் இல்லை. ஆனால் மூலையில் ஓடும் எஃப்பிஎஸ் எண்ணை, அதாவது நொடிக்கு எத்தனை முறை திரை வரையப்படுகிறது என்பதைப் பாருங்கள். நான் கேட்டது 60, அதில் பாதிகூட வரவில்லை.

விண்கற்கள் மோதும் கணக்கில்தான் கோளாறு என்று நினைத்து இரண்டு நாள் அதையே குடைந்துகொண்டிருந்தேன். அப்புறம் நேரம் அளக்கும் பெர்ஃப் கவுன்டரை வைத்துப் பகுதி பகுதியாக அளந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. நேரத்தை விழுங்கியது பின்னணியை வரையும் அந்த ஒற்றை பிளிட் வரி, அதாவது படத்தைத் திரையில் ஒட்டும் வரி.

அந்த வரிக்குள் என்ன நடக்கிறது? படம் ஒரு ஜேபெக் கோப்பு. லோட் செய்ததும் அது ஒரு பிக்சலுக்கு 3 பைட் என்ற கணக்கில் மெமரியில் உட்காருகிறது. திரையோ பிக்சலுக்கு 4 பைட் கேட்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால், பிளிட் செய்யும் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பிக்சலையும் மாற்றியாக வேண்டும். படத்தின் அளவு 1920 x 1080, அதாவது 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 பிக்சல். நொடிக்கு 60 முறை வரைந்தால் 12 கோடிக்கு மேல். நமக்கு ஒரு பிரேமுக்கு, அதாவது ஒரு முறை திரையை வரைய, கிடைப்பதே 16.7 மில்லிசெகண்ட்தான்.

இப்போது லோட் வரியின் கடைசியில் ஒரு புள்ளி வைத்து கன்வர்ட் என்று சேர்க்கிறேன். அடைப்புக்குறி, அவ்வளவுதான். ஓட்டிப் பார்க்கலாம். எண் சட்டென்று ஏறிவிட்டது, பாருங்கள்! ஒவ்வொரு பிரேமையும் வரையும் லூப் தொடங்கும் முன்பே படம் ஒரே ஒரு முறை திரையின் வடிவத்துக்கு மாறிவிட்டது. இனி பிளிட் செய்வது கிட்டத்தட்ட மெமரியை அப்படியே நகலெடுப்பதுதான்.

இதில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கன்வர்ட் பழைய படத்தை மாற்றாது, புதிதாக ஒன்றைத் தரும். அதை ஒரு வேரியபிளில் வாங்கிக்கொள்ளாவிட்டால் எந்தப் பலனும் இல்லை. திரையைத் திறக்கும் செட் மோடுக்கு முன்னால் கூப்பிட்டால் எரர் வரும், ஏனென்றால் திரை என்ன வடிவம் என்றே அப்போது தெரியாது. ஒளி ஊடுருவும் ஓரங்கள் உள்ள பிஎன்ஜி படமா? கன்வர்ட் ஆல்ஃபா போடுங்கள். வெறும் கன்வர்ட் போட்டால் ஓரங்களின் ஒளி ஊடுருவும் தன்மை போய்விடும், விண்கல்லைச் சுற்றி ஒரு கட்டம் தெரியும்.

சரி, விண்கற்களுக்கு வருவோம். லூப்புக்குள் ஒவ்வொரு பிரேமிலும் ரொட்டேட் கூப்பிடுகிறேன். இதுவும் வீண் வேலைதான். 5 டிகிரிக்கு ஒன்று என்று 72 படங்களை முன்கூட்டியே சுழற்றி ஒரு லிஸ்டில் வைத்துக்கொள்ளலாம். கல் 64 x 64 பிக்சல் என்பதால் 72 படமும் சேர்ந்து இரண்டரை எம்பியைத் தாண்டாது. ஒவ்வொன்றையும் மூலப் படத்திலிருந்தே சுழற்றுங்கள். சுழற்றியதையே மறுபடி சுழற்றினால் படம் மங்கும், அளவும் பெருத்துக்கொண்டே போகும்.

மாறிய பகுதியை மட்டும் புதுப்பிக்கும் வழியும் உண்டு, ஆனால் என் பின்னணி முழுவதும் நகர்கிறது, இங்கே அதற்கு வேலை இல்லை.

ஸ்கோர் எழுத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஃபான்ட் ரெண்டரும் ஒவ்வொரு முறையும் ஒரு புதுப் படத்தை உருவாக்குகிறது. ஸ்கோர் மாறும்போது மட்டும் ரெண்டர் செய்து, மற்ற நேரத்தில் பழைய படத்தையே வரையலாம். அதற்கு நான் எழுதியது இந்த நான்கு வரிதான், திரையில் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கிறேன்.